கல்லூரிப் பருவமும் அமானிதமும்



காலையில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தைப் பாருங்கள். உள்ளே இடம் இருந்தாலும் படிக்கட்டில் நாலு பேர் தொங்குவார்கள். உள்ளே வாப்பா என்று நடத்துனர் கூப்பிட்டால், விழுந்தால் நான்தானே விழப்போகிறேன், உங்களுக்கு என்ன என்று பதில் வரும்.

இந்தப் பதிலுக்கு நபி (ஸல்) அவர்கள் அன்றே ஓர் உவமை சொல்லியிருக்கிறார்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. ஒரு கப்பலில் சீட்டுக் குலுக்கி, சிலருக்கு மேல்தளமும் சிலருக்குக் கீழ்த்தளமும் கிடைத்தது. கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே போக வேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்கு ஏன் தொந்தரவு, நம் பங்கிலேயே ஓர் ஓட்டை போட்டுக்கொள்ளலாமே என்று யோசித்தார்கள்.

கவனியுங்கள், அவர்களின் எண்ணம் கெட்டதல்ல. யாருக்கும் சிரமம் தரக்கூடாது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் கடலுக்கு உன் பங்கு, என் பங்கு தெரியாது. தடுக்காமல் விட்டால் எல்லோரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள்.

படிக்கட்டில் தொங்கும் தம்பி தவறி விழுந்தால், ஓட்டுநர் காவல் நிலையத்தில் நிற்க வேண்டும். அந்தத் தாயோ, வாசலில் பேருந்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாழ்நாள் முழுக்கத் துடிப்பாள். உன் உயிர் உனக்கு மட்டுமா சொந்தம்?

பணத்திலும் இதே கதைதான். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அத்தாவின் கைக்கு அல்ல, மாணவரின் வங்கிக் கணக்கிற்கே வருகிறது. பலருக்கு, கணக்குக் கேட்க ஆளில்லாமல் செலவழிக்கும் முதல் பணம் இதுதான். தேர்வுக் கட்டணம் கட்டினாயா, மொபைல் விளையாட்டில் தொலைத்தாயா என்று வீட்டில் யாரும் கேட்காமல் போகலாம். மறுமையில் கேள்வி உண்டு. திர்மிதியில் வரும் ஹதீஸில், ஆயுளைப் பற்றிக் கேட்ட பிறகு இளமையைப் பற்றித் தனியாகவும் கேட்கப்படும் என்று வருகிறது. ஆயுளுக்குள் இளமையும் அடக்கம்தானே, பிறகு ஏன் தனிக் கேள்வி? யோசித்துப் பாருங்கள் தம்பிகளே. பணத்துக்கோ இரண்டு கேள்விகள்: எப்படி வந்தது, எதில் போனது?

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கெட்டுவிடும் என்று பயந்து மகளைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்துகிறோம். மகனுக்கோ, கல்லூரி முடிக்கும் வரை ஒரு மின்கட்டணம் கட்டும் வேலையைக்கூடக் கொடுப்பதில்லை. பிறகு பொறுப்பில்லாத பிள்ளை என்று அவனையே திட்டுகிறோம்.

நபி (ஸல்) அவர்கள், இருபது வயதுகூட நிரம்பாத உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களைப் படைத் தளபதியாக நியமித்தார்கள். மூத்தவர்கள் இருக்க இவரா என்று சிலர் முணுமுணுத்தார்கள். நபியவர்கள் முடிவை மாற்றவில்லை. நபியவர்களின் மறைவுக்குப் பிறகு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் அதே படையை வழியனுப்பினார்கள். உஸாமா வாகனத்தில் இருக்க, கலீஃபா பக்கத்தில் நடந்து போனார்கள். அந்தப் படையில் உமர் (ரலி) அவர்களும் இருந்தார்கள். மதீனாவில் தமக்கு உமரின் துணை தேவைப்பட்டது. கலீஃபா உத்தரவு போட்டிருக்கலாம். போடவில்லை. உமரை விட்டுச்செல்ல முடியுமா என்று அந்த இளைஞரிடம் அனுமதி கேட்டார்கள்.