சோர்பிக் அமிலமும் நம் உணவு நெறியும்

சிராவக அறம் அடுக்களையில் தொடங்குகிறது. எதை உண்ணலாம் என்பதோடு, சமைத்ததை எதுவரை வைத்து உண்ணலாம் என்பதையும் நம் முன்னோர் வரையறுத்தனர். நிறமும் மணமும் சுவையும் திரிந்த உணவைச் ‘சலித ரசம்’ என விலக்கினர். இன்றோ கடைகளில் விற்கும் பழச்சாறும் பழக்கூழும் மாதக்கணக்கில் திரியாமல் இருக்கின்றன. ‘கெடாத உணவாயின் நம் நெறிக்கு ஏற்றதுதானே?’ என்று இளந்தாய்மார் வினவுகின்றனர். விடை காண்பதற்கு, உணவைக் கெடாமல் காக்கும் பொருள்களுள் ஒன்றாகிய சோர்பிக் அமிலத்தைப் பற்றி முதலில் அறிவோம்.

தோற்றமும் இயல்பும்

1859ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலறிஞர் ஹாஃப்மன், ரோவன் என்னும் மரத்தின் பழத்திலிருந்து இதனைப் பெற்றார். சோர்பஸ் என்னும் அம்மரத்தின் தாவரவியற் பெயரே அமிலத்துக்கும் பெயராயிற்று. இன்று இது தொழிற்சாலைகளில் வேதிப்பொருள்களைக் கொண்டு ஆக்கப்படுகிறது. விலங்குப் பொருள் எதுவும் இதற்கு வேண்டுவதில்லை.

இது வெண்ணிறப் படிகப் பொடி. நீரில் அரிதாகவே கரையும். ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் ஏறத்தாழ ஒன்றரை கிராமே கரைவதால், எளிதில் கரையும் பொட்டாசியம் சோர்பேட் என்னும் இதன் உப்பையே பெரிதும் பயன்படுத்துவர். பொட்டலங்களில் அமிலம் 200 என்ற எண்ணாலும், பொட்டாசியம் உப்பு 202 என்ற எண்ணாலும் குறிக்கப்படும்.

செயற்படும் முறை

இவ்வமிலம் பூஞ்சணமும் ஈஸ்ட்டும் வளர்வதைத் தடுக்கிறது. பாக்டீரியாக்கள் சிலவற்றையே தடுக்க வல்லது. இதன் மூலக்கூறுகள் பிரியாத நிலையில்தான் நுண்ணுயிரின் உறையை எளிதில் கடந்து உட்செல்லும். அந்நிலை புளிப்பான உணவில் மிகுதி. ஆதலின் பழச்சாற்றில் நன்கு பயன்படும் இது, புளிப்பற்ற உணவில் பயன் குன்றும். ஈஸ்ட்டைத் தடுப்பதால், ரொட்டி மாவில் சேர்த்தால் மாவு உப்பாது.

முன்னரே பூஞ்சணம் மலிந்த உணவை இது காக்காது. சிலவகைப் பூஞ்சணங்கள் இவ்வமிலத்தையே சிதைத்து மண்ணெண்ணெய் போன்ற நாற்றத்தை உண்டாக்கும். எனவே தூய மூலப்பொருளும் தூய கலமும் இன்றியமையாதன.

அளவு

உடலினுள் இது பிற கொழுப்பு அமிலங்களைப் போலவே சிதைந்து, கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. ஆயினும் அளவு வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் என வரம்பு வகுத்தது. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 220 மில்லிகிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு சோர்பிக் அமிலம் கலந்த உணவாயின், 220 கிராம் உண்டாலே அவ்வரம்பு நிறைந்துவிடும். சிறுவர்க்கு இத்தகைய உணவை நாள்தோறும் தருதல் நன்றன்று.

நெறி கூறுவது

சோர்பிக் அமிலத்தில் ஊன் கலப்பில்லை. அதனளவில் விலக்கத்தக்க காரணம் இல்லை. ஆயினும் இரண்டினை மனங்கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, பொட்டலத்தின் பச்சைக் குறி மட்டும் நமக்குப் போதாது. நம் நாட்டு விதிப்படி தேன் கலந்த உணவும் பச்சைக் குறி பெறும். கள், ஊன், தேன் மூன்றையும் விலக்கிய நாம், சேர்பொருள் பட்டியலை முழுதும் படித்தல் வேண்டும்.

இரண்டாவது, பொட்டலத்தில் அச்சிட்ட தேதி உடல்நலம் கருதியது. திறவாத பொட்டலத்துக்கே உரியது. திறந்தபின் காற்றும் கரண்டியும் நுண்ணுயிர்களைக் கொண்டு சேர்க்கும். விரதம் ஏற்றோர்க்கோ தாம் ஏற்ற கால வரம்பே வரம்பு. திரிபு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதனால் அவ்வரம்பு நீளாது. அளவாகச் சமைத்து அன்றே உண்பார்க்கு இவ்வமிலத்தின் தேவையே இல்லை என்பதையும் நினைவிற் கொள்வோம்.

பயிற்சி வினாக்கள்

1. சோர்பிக் அமிலம் பழச்சாற்றில் மிகுந்த பயன் தருவது ஏன்?
2. 30 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு நாள் வரம்பு எவ்வளவு?
3. உங்கள் இல்லத்தில் உள்ள மூன்று பொட்டலங்களின் சேர்பொருள்களைப் படித்து, நமக்கு ஆகாதன உளவா எனக் கண்டு எழுதுக.