மண்ணின் வரவுசெலவு: கிழங்குத் தோட்டத்துக்குக் கூட்டெரு

எமது குடும்பங்களில் பலருக்கு ஊரில் ஒரு துண்டுக் காணி இன்னும் உண்டு. அதை உறவினர் ஒருவர் பார்த்து வருகிறார். மரவள்ளியோ இராசவள்ளியோ வற்றாளையோ கரணையோ நடுகிறார். பசளைக்கென்று ஒஸ்லோவிலிருந்து காசு அனுப்புகிறோம். அந்தக் காசு மண்ணுக்கு என்ன செய்கிறது, கிணற்றுக்கு என்ன செய்கிறது என்பதை அறிந்து அனுப்புவது நல்லது. கணக்கு எழுதிப் பிழைக்கும் நாம் இதனை ஒரு வரவுசெலவுக் கணக்காகவே பார்ப்போம்.

செலவுப் பக்கம்

கிழங்கு மண்ணிலிருந்து அதிகம் எடுப்பது பொற்றாசியம். நைதரசன் அதற்கு அடுத்தது. பொசுபரசு மிகக் குறைவு. ஒரு தொன் மரவள்ளிக் கிழங்கு ஏறக்குறைய 2 கிலோ நைதரசனையும், அரைக் கிலோ பொசுபரசையும், 3 கிலோ பொற்றாசியத்தையும் தோட்டத்தை விட்டு வெளியே கொண்டு போகிறது. ஒரு பரப்பில் 500 கிலோ கிழங்கு கிடைத்தால், போவது 1 கிலோ நைதரசன், கால் கிலோ பொசுபரசு, ஒன்றரைக் கிலோ பொற்றாசியம்.

இது கிழங்கின் கணக்கு மட்டுமே. மரவள்ளி எடுக்கும் நைதரசனில் பாதிக்கு மேல் இலையிலும் தண்டிலும் இருக்கிறது. கிழங்கைப் பிடுங்கிய பின் தண்டையும் இலையையும் வேலி ஓரத்தில் எரித்தால் அந்த நைதரசன் புகையோடு போய்விடும். நடுவதற்கு வேண்டிய தடிகளை எடுத்துக்கொண்டு மீதியை வெட்டி மண்ணுக்கே கொடுப்பதுதான் முதல் சேமிப்பு.

வரவுப் பக்கம்

திருவனந்தபுரத்தில் 1963 இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் மரவள்ளிக்கு ஹெக்டேயருக்கு 12.5 தொன் தொழுவெருவைச் சிபாரிசு செய்கிறது. எமது அளவில் அது பரப்புக்கு ஏறக்குறைய 300 கிலோ. நன்கு உக்கிய எருவில் நைதரசன் அரை வீதமளவு என்று வைத்தால், மண்ணுக்குப் போவது ஒன்றரைக் கிலோ. பார்க்கும்போது மிச்சம் வருவது போலத் தெரியும். ஆனால் கூட்டெருவின் நைதரசன் கைக்காசு அல்ல, வைப்புப் பணம். முதல் வருடம் மூன்றில் ஒரு பங்களவே பயிருக்குக் கிடைக்கும். மீதி அடுத்த வருடங்களில் வரும். யூரியாவோ முழுக்க முழுக்கக் கைக்காசு. பயிர் எடுத்தது போக மிஞ்சியதை மழை கொண்டு போய்விடும்.

முதல் வருடக் குறையை நிரப்பும் வழி எமது முன்னோருக்குத் தெரிந்திருந்தது. பூவரசங் குழையையும் பனையோலையையும் தாழ்த்தார்கள். சணல் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார்கள். ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். பொற்றாசியத்தில் குறை இருந்தால் பரப்புக்கு ஐந்தாறு கிலோ விறகுச் சாம்பல் போதும். எமது மண்ணின் கீழே சுண்ணாம்புக் கல் இருப்பதால் அதற்கு மேல் கொட்ட வேண்டாம். மேற்சொன்ன நிலையத்தின் கரணைக் கிழங்குப் பரிசோதனைகளில் தொழுவெரு, பயற்றுப் பசுந்தாள், வேப்பம் பிண்ணாக்கு, சாம்பல் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்த பாத்திகள், வழமையான இரசாயன முறைப் பாத்திகளை விட ஏறத்தாழ 20 வீதம் கூடுதலாக விளைந்தன.

கூடினாலும் நட்டமே

நைதரசன் கூடினால் வற்றாளை கொடியாக ஓடும், கிழங்கு சிறுக்கும். மரவள்ளியில் நைதரசன் கூடிப் பொற்றாசியம் குறைந்தால் கிழங்கின் நச்சுத்தன்மையும் கூடும். உக்காத பச்சைச் சாணத்தைக் கிழங்கோடு சேரப் போடுவதும் கூடாது. அது சூடேறி முளையைக் கெடுக்கும்.

கிணற்றின் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் செம்மண்ணினூடாகச் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அங்கிருந்து கிணற்றுக்கு வருகிறது. மண்ணில் மிஞ்சிய நைதரசன் நைத்திரேற்றாகி அதே வழியில் வரும். 1980கள் முதல் நடந்த ஆய்வுகள், விவசாயப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் குறித்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதைக் காட்டின. மலகூடக் குழிகளும் இதற்குக் காரணம். அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலு குறையும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. எனவே அளவுக்கு மிஞ்சிய பசளையின் கடனைக் கட்டுவது அந்தக் கிணற்றில் அள்ளிக் குடிக்கும் எமது உறவினரே. கூட்டெருவையும் மிதமிஞ்சி இட்டால் இதே கதைதான்.

கும்பி வைக்கும் முறை

1924 முதல் 1931 வரை இந்தூரில் அல்பேட் ஹாவார்ட் ஒழுங்குபடுத்திய முறையே இன்றும் அடிப்படை. நிழலில், ஒரு மீற்றருக்குக் குறையாத அகலமும் உயரமும் வைத்து, காய்ந்த சருகு அல்லது வைக்கோல் ஒரு படை, பச்சைக் குழை ஒரு படை, மேலே சாணக் கரைசல் என்று அடுக்க வேண்டும். மொத்தத்தில் காபன் 30 பங்குக்கு நைதரசன் 1 பங்கு இருந்தால் நன்றாக உக்கும். சருகு கூடினால் உக்கல் தாமதிக்கும், பச்சை கூடினால் நாறும். ஈரம் பிழிந்த துணி அளவு இருக்க வேண்டும். உட்புறம் 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால் களை விதைகளும் பல நோய்க்கிருமிகளும் சாகும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று நான்கு மாதத்தில் தயார். மாரியில் கிடுகால் மூடாவிட்டால் சத்து மழையோடு போய்விடும். சாம்பலைக் கும்பியில் கலக்காமல் நடும்போது தனியாக இடுக, கலந்தால் நைதரசன் ஆவியாகும். கரணைக்குக் குழி ஒன்றுக்கு 2 முதல் இரண்டரைக் கிலோ கூட்டெருவை மேல்மண்ணோடு கலந்து இடலாம்.

காலம் தவறினால்

இலங்கை அரசு 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. விளைச்சல் விழுந்து, விவசாயிகள் தெருவில் இறங்கியபின், நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. சேதனப் பசளையில் குற்றமில்லை. ஒரு நாட்டுக்கு வேண்டிய எருவை ஒரு போகத்துக்குள் உக்க வைக்க முடியாது என்பதே பாடம். கும்பியை முந்திய வருடமே தொடங்க வேண்டும், இரசாயனப் பசளையைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நாம் இங்கே செய்யக்கூடியது

ஒஸ்லோவில் பச்சைப் பையில் கட்டிப் போடும் எமது சமையலறைக் கழிவு ரூமரிக்கே உயிர்வாயு ஆலைக்குப் போய், வாகனங்களுக்கு எரிவாயுவாகவும் வயல்களுக்குத் திரவப் பசளையாகவும் மாறுகிறது. இந்தப் பெரிய நகரம் கழிவைக் கணக்கில் எடுக்கும்போது எமது ஒரு பரப்புக் காணிக்கும் கணக்கு வைக்க முடியும். அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது மூன்று கேள்விகள் கேட்போம்: எத்தனை கிலோ கிழங்கு வந்தது? மண்ணுக்கு என்ன திரும்பிப் போனது? கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்தீர்களா? பசளைப் பைக்கு அனுப்பும் காசில் ஒரு பகுதியை ஆட்டுப்பட்டிக்கும், சணல் விதைக்கும், தண்ணீர்ப் பரிசோதனைக்கும் ஒதுக்குவோம். பிள்ளைகளையும் அருகில் இருத்தி இந்தக் கணக்கை ஒரு கொப்பியில் எழுத விடுவோம். காணி நாளை அவர்கள் பெயருக்கு வரும்போது மண்ணின் இருப்பும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.