பண்ணைப்புரத்திலிருந்து லண்டன் வரை

கேள்வி: உலகப் புகழ் வந்த பிறகும் ஓர் இசைக் கலைஞர் சொந்த ஊரை மறக்காமல் இருக்க முடியுமா?
- வாசகர், பொம்மையார்பாளையம்

பதில்: முடியும். இளையராஜாவையே பாருங்கள்.

அண்ணன் பாவலர் வரதராசனின் கச்சேரிகளுக்காக ஊர் ஊராகச் சுற்றி வளர்ந்தவர். 1976-ல் ‘அன்னக்கிளி’ மூலம் கிராமத்து மெட்டைத் திரையில் ஒலிக்கவிட்டார். பத்தாண்டு கழித்து வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் கர்நாடக இசையையும் மேற்கத்திய இசையையும் ஒன்றாக இழைத்து, தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாஹுக்கும் காணிக்கையாக்கினார்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றியது. சென்னை திரும்பியவர், சொந்த ஊரான பண்ணைப்புரத்திலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்ததைத்தான் நினைவுகூர்ந்தார். எண்பதைக் கடந்த வயதிலும், இது தொடக்கம்தான் என்றார். அந்த 1986 தொகுப்பை ஒருமுறை கேளுங்கள். ஊரும் உலகமும் அதில் சேர்ந்தே ஒலிக்கும்.