வெள்ளம் கொண்டுபோன விளைச்சலுக்கு நஷ்டஈடா?

கேள்வி: 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் என் மக்காச்சோளக் கொல்லை மூழ்கி, கதிரெல்லாம் முளைவிட்டுப் போனது. ஒப்பந்தம் போட்டு முன்பணம் தந்த வியாபாரி, பணத்தோடு நஷ்டஈடும் கேட்கிறார். கொடுக்க வேண்டுமா?
- வாசகர், எலவனாசூர்கோட்டை

பதில்: முதலில் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 'இயற்கைச் சீற்றம்' பற்றி ஷரத்து இருந்தால் அதுதான் பேசும். இத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றிருந்தால், அதைச் செய்தீர்களா என்பதும் முக்கியம்.

ஷரத்தே இல்லையென்றால் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவு கைகொடுக்கும். நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது அது. ஆனால், 'கஷ்டம்' வேறு, 'முடியாமை' வேறு. விலை ஏறிவிட்டது, கட்டுப்படியாகவில்லை என்பதெல்லாம் எடுபடாது. 2017-இல் நிலக்கரி விலை வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

உங்கள் பத்திரத்தில் 'இன்ன சர்வே எண் நிலத்தில் விளையும் சோளம்' என்று இருக்கிறதா? இருந்தால் உங்கள் கட்சி வலுவானது. இங்கிலாந்தில் 1876-இல், குறிப்பிட்ட நிலத்து உருளைக்கிழங்கு நோயில் அழிந்தபோது, விவசாயி நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று தீர்ப்பானது. வெறுமனே '10 டன் சோளம்' என்றிருந்தால், வெளியில் வாங்கியாவது கொடு என்று வியாபாரி வாதிடலாம்.

முன்பணம் வேறு கதை. ஒப்பந்தம் செல்லாமல் போனால், பெற்றதைத் திருப்பித் தரச் சொல்கிறது 65-வது பிரிவு. ஆகவே அதற்குத் தவணை பேசுங்கள். அடங்கல் நகல், தேதி தெரியும் படங்கள், வி.ஏ.ஓ. சான்று மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் சர்வே எண்ணை மறக்காமல் எழுதுங்கள்.