கம்பஸ் போகும் வலது குறைந்த பிள்ளை: வேண்டியதை எழுதிக் கேட்போம்

நமது தோட்டப் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போவது இப்போது அதிசயமான செய்தி அல்ல. பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், வந்தாறுமூலை என்று பல இடங்களிலும் நமது பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுக்குள்ளே கண் பார்வை குறைந்தவர்கள், காது மந்தமானவர்கள், கால் ஊனமானவர்கள், வலிப்பு வருத்தம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பாடம் அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் உரியது.

இப்படிப்பட்ட பிள்ளை கம்பஸ் புறப்படும்போது லயத்தில் பெரியவர்கள் என்ன சொல்லி அனுப்புகிறார்கள்? "இவ்வளவு தூரம் போறதே பெரிசு. அங்க போய் அது வேணும் இது வேணும்னு கேட்டு வம்புல மாட்டிக்காத." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நடப்பது என்ன? கண் பார்வை குறைந்த பிள்ளை விரிவுரை மண்டபத்தில் கிடைத்த இடத்தில் உட்காருகிறது. பலகையில் எழுதியது தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறது. பரீட்சையில் வினாத்தாளை வாசித்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. பெறுபேறு வந்ததும், "புள்ளைக்குப் படிப்பு ஏறல" என்று ஊரே பேசும். படிப்பு ஏறாமல் இல்லை. வினாத்தாளின் எழுத்து சின்னதாக இருந்தது, அவ்வளவுதான்.

பெரிய எழுத்தில் வினாத்தாள், பரீட்சையில் மேலதிக நேரம், சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்க ஒருவர், முன் வரிசையில் இடம், கீழ் மாடியில் வகுப்பு, விடுதியில் படியேறத் தேவையில்லாத அறை: இவையெல்லாம் கேட்கக் கூடியவை. இது பிச்சை கேட்பது அல்ல. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கல்வி நிலையத்தில் அனுமதிக்கும்போது வலது குறைவைக் காரணம் காட்டி வேறுபாடு காட்டக் கூடாது என்று அது சொன்னது. வலது குறைந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அவரவர் தேவைக்கு ஏற்ற நியாயமான மாற்று ஒழுங்குகளைச் செய்து கொடுக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. ஆனால் 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தில் "இன்னாருக்கு இத்தனை நிமிடம் கூடக் கொடு" என்று எழுதவில்லை. அதைத் தீர்மானிப்பது அந்தந்தப் பல்கலைக்கழகம். அதனால்தான் கேட்கும் விதம் முக்கியமாகிறது.

பலர் அறியாத ஒரு விஷயம் உண்டு. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பள்ளிக்கூட அதிபர் மூலமாகப் பரீட்சைத் திணைக்களத்திடம் விசேட வசதி கேட்டுப் பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வசதி கம்பஸுக்குத் தானாகத் தொடர்ந்து வராது. பல்கலைக்கழகப் பரீட்சையை நடத்துவது பரீட்சைத் திணைக்களம் அல்ல, பல்கலைக்கழகமேதான். ஆகவே மறுபடி புதிதாகக் கேட்க வேண்டும். முன்பு வசதி கொடுத்த கடிதம் இருந்தால் அதன் போட்டோ கொப்பியை இணைத்தால் நல்ல சாட்சியாக இருக்கும்.

இன்னொரு மாற்றமும் உண்டு. பள்ளிக்கூடத்தில் அப்பாவோ அம்மாவோ போய் அதிபரிடம் பேசினார்கள். இங்கே பிள்ளைதான் கையெழுத்து வைத்துக் கேட்க வேண்டும். கூச்சம் இருக்கும். ஆகவே போவதற்கு முன் வீட்டிலேயே கடிதத்தை எழுதிப் பாருங்கள்.

எப்படி எழுதுவது? பெரும்பாலான பிள்ளைகள், "எனக்குக் கண் நோய் உள்ளது. தயவுகூர்ந்து உதவி செய்யவும்" என்று எழுதிவிடுவார்கள். இதை வாசிக்கும் உத்தியோகத்தர் அனுதாபப்படுவார், கடிதத்தைக் கோவையில் போடுவார். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு விளங்காது. வருத்தத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. எந்த வேலை முடியவில்லை, எதைச் செய்து தந்தால் முடியும் என்ற இரண்டையும் எழுத வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"நான் கலைப்பீட முதலாம் வருட மாணவி. எனது இரண்டு கண்களிலும் பார்வை குறைவு. கண்ணாடி அணிந்தும் சாதாரண அச்செழுத்தை வாசிக்க மற்றவர்களை விட அதிக நேரம் எடுக்கிறது. மூன்றாவது வரிசைக்கு அப்பால் இருந்தால் பலகை தெரியாது. ஆகவே வினாத்தாளை 18 புள்ளி அளவு எழுத்தில் தருமாறும், ஒவ்வொரு வினாத்தாளுக்கும் மேலதிக நேரம் வழங்குமாறும், விரிவுரைக் குறிப்புகளை முன்கூட்டியே தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். கண் வைத்திய நிபுணரின் அறிக்கையை இணைத்துள்ளேன்."

இதில் அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. வாசிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவு. கால் ஊனமான பிள்ளை எத்தனை படி ஏற முடியும், எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று எழுதட்டும். பேராதனை போன்ற மலைச்சரிவான இடத்தில் ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு நடப்பதே பெரும்பாடு. வலிப்பு வருத்தம், மன வருத்தம் போன்றவை வெளியே தெரியாதவை. அவற்றுக்கும் கேட்கலாம். விரிவுரையாளர் எல்லோருக்கும் நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை.

வைத்திய அறிக்கை விஷயத்தில் பெற்றோருக்கு வேலை இருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரித் துண்டு போதாது. அரசாங்க ஆஸ்பத்திரியின் வைத்திய நிபுணர் எழுதிக் கொடுத்தால்தான் மதிப்பு. கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும் என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் போகிற அன்றே, "புள்ளைக்குப் பரீட்சை எழுத இன்ன கஷ்டம் இருக்குதுன்னு எழுதித் தாங்க டொக்டர்" என்று கேட்டு வாங்கிவிடுங்கள். பழைய கிளினிக் புத்தகத்தை எறிய வேண்டாம். லயத்துக் கூரை ஒழுகினாலும் நனையாதபடி பொலித்தீன் பையில் சுற்றி, றங்குப்பெட்டிக்குள் வையுங்கள்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆனாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ ஒரு பிரதி கூடவே இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். பீடாதிபதிக்கு எழுதி, பீடத்தின் உதவிப் பதிவாளருக்கும் மாணவ ஆலோசகருக்கும் பிரதி கொடுங்கள். சில பல்கலைக்கழகங்களில் வலது குறைந்த மாணவருக்கென்றே தனிப் பிரிவு உண்டு, பதிவு செய்யும் நாளிலேயே விசாரியுங்கள். பரீட்சைக்கு முதல் வாரம் போய்க் கேட்டால் வினாத்தாள் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். முதல் தவணையின் முதல் வாரங்களில் கேட்பதே சரி.

கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் அந்தப் பிரதியோடு நேரில் போங்கள். வாயால் "சரி, பார்ப்போம்" என்றால், "எழுத்தில் தாருங்கள் சேர்" என்று மரியாதையாகக் கேளுங்கள். காரணம் சொல்லாமல் மறுத்தால் உபவேந்தருக்கு எழுதலாம். அங்கும் நடக்காவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது. கண்டியிலும் பதுளையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் உண்டு.

அனுமதிக் கடிதம் கிடைத்ததும் அதைப் பரீட்சை அனுமதி அட்டையோடு சேர்த்து வைக்க வேண்டும். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் புதியவராக இருப்பார், அவருக்கு உங்களைத் தெரியாது. மணி அடிப்பதற்கு அரை மணித்தியாலம் முன்பே போய், அந்தக் கடிதத்தை அவரிடம் காட்டிவிட்டு உட்காருங்கள்.