ஆற்றுப் பெருமழையைக் கணக்கிடும் முறை

அணைக்குக் கீழே நிலமும் தறியும் உடையோருக்கு, அணையின் உயரத்தைக் காட்டிலும் அதன் மதகுகள் எவ்வளவு வெள்ளத்தை வெளியேற்றும் என்பதே முக்கியமாகும். அந்த அளவு எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணையை எடுத்துக்கொள்வோம். விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி நீரை வெளியேற்றுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. 1979 ஆகஸ்டு 11-ஆம் தேதி வந்த வெள்ளமோ அதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். நீர் கரைக்கு மேல் வழிந்து, மண்கரைகளை அரித்தது. கீழேயிருந்த மோர்பி நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எதிர்பார்த்த வெள்ளத்தின் அளவு குறைந்ததால் நேர்ந்த விளைவு இது.

1 சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 கன மீட்டர் நீர் சேரும். 1,000 சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 10 கோடி கன மீட்டராகும். ஆகவே மழை மதிப்பில் நேரும் சிறு பிழையும் வெள்ளத்தில் பெரிதாகிவிடும்.

பழைய முறையில், பதிவான பெரும்புயல் ஒன்றின் மழையை எடுத்துக்கொள்வர். அன்று காற்றிலிருந்த ஈரத்தைவிட, அப்பருவத்தில் கூடுமான ஈரம் எத்தனை மடங்கோ அத்தனை மடங்கு மழையைப் பெருக்குவர். இது எளிது, ஆனால் ஈரம் மிகுந்தால் காற்றின் போக்கும் மாறும் என்பதை இம்முறை கருதுவதில்லை.

கணிப்பொறியில் இயங்கும் வளிமண்டல மாதிரி அதையும் கருதுகிறது. பாவும் ஊடும் சேர்ந்து கட்டமிடுவதுபோல, நிலப்பரப்பையும் அதன் மேலுள்ள வானத்தையும் சிறு கட்டங்களாகப் பிரிப்பர். ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், அழுத்தம், ஈரம் ஆகியவற்றை இயற்பியல் விதிகளின்படி கணக்கிடுவர். முதலில் நிகழ்ந்த புயலொன்றை மாதிரியில் இயக்கி, மழைமானிப் பதிவுகளோடு ஒப்பிடுவர். பொருந்தினால், புயலைச் சற்று நகர்த்தியும் ஈரத்தைக் கூட்டியும், ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் விழக்கூடிய பெருமழையைக் காண்பர். வெப்பம் 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று கொள்ளக்கூடிய ஈரம் சுமார் 7 சதவிகிதம் மிகும். ஆதலால் வருங்கால வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க இம்முறை உதவுகிறது.

எனினும் கட்டத்தைவிடச் சிறிய மேகங்களை மாதிரி நேராகக் காண்பதில்லை. மழைமானிப் பதிவு இல்லாத இடத்தில் அதன் விடையைச் சரிபார்ப்பதும் கடினம். எனவே அங்கத்தினர்கள் தம் ஊர் மழைமானியைப் பழுதின்றிக் காத்து, நாள்தோறும் அளவைப் பதிவு செய்ய ஒத்துழைத்தல் வேண்டும். நாம் குறித்துவைக்கும் ஓர் எண், ஒரு நாள் ஓர் அணையின் மதகுகள் எவ்வளவு அகலமாதல் வேண்டும் என்பதைத் தீர்மானிக்க உதவும்.