26 வயதில் பிரஷரா?

கேள்வி: என் மகளுக்கு வயது 26. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை. மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் 170/110. டாக்டர் கிட்னிக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். பிரஷருக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்?
- ஒரு வாசகர், திருநின்றவூர்

பதில்: டாக்டரின் சந்தேகம் நியாயமானதே. சிறுநீரகத்துக்குப் போகும் தமனி சுருங்கினால், உடம்பில் ரத்தமே குறைந்துவிட்டதாகச் சிறுநீரகம் நினைத்து ரெனின் என்னும் சுரப்பை வெளியிடும்; பிரஷர் எகிறும். 1934-இல் கோல்ட்பிளாட் என்னும் ஆராய்ச்சியாளர் நாய்களின் தமனியை இறுக்கி இதை நிரூபித்தார். தமனி சுருங்கக் காரணம், வயதானவர்களுக்குப் பெரும்பாலும் கொழுப்பு அடைப்பு. நம் நாட்டு இளம்பெண்களுக்கோ டக்கயாசு என்னும் ரத்தக்குழாய் அழற்சி முக்கியக் காரணம்.

இரண்டு கைகளிலும் பிரஷர் பார்த்தார்களா? கைக்குப் போகும் குழாயும் சுருங்கியிருந்தால் அந்தக் கையில் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். நாடியும் மெலிந்திருக்கும். தொப்புளுக்கு மேலே ஸ்டெதாஸ்கோப் வைத்தால் சிலருக்கு 'உஸ்' சத்தம் கேட்கும். காசில்லாத சோதனைகள் இவை, அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

டாப்ளருக்கு வெறும் வயிற்றோடு போங்கள், வாயு படத்தை மறைக்கும். தெளிவில்லையென்றால் சி.டி. ஆஞ்சியோகிராம், அதற்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்க்க வேண்டும். எனலாப்ரில், டெல்மிசார்டான் வகை மாத்திரை தொடங்கியபின் கிரியாட்டினின் ஏறினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிருந்தாலும் சொல்லுங்கள். அந்த வகை அப்போது ஆகாது.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சென்னை சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவு இருக்கிறது. மின்சார ரயிலில் போய் வரலாம்.